வாசல் கொப்பி

எண்பது பக்கக் கொப்பி,
பின்னட்டையில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு.
பீ.எச்.ஐ. ஐயா கோடு போட்டுத் தந்தார்:
பெயர், அடையாள அட்டை இலக்கம்,
தொலைபேசி, உடல் வெப்பம்.
என்ன மன்றாட்டு என்று கேட்கக்
கட்டம் இல்லை.

துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறவள்,
இவளுக்குக் கணக்குப் பிழைக்காது என்று
சுவாமி என்னை வாசலில் நிறுத்தினார்.
ஒரு கையில் பேனை. மறு கையில்
நெற்றிக்கு நீட்டும் அந்த வெள்ளைத் துவக்கு.
கண்ணை மூடிக்கொண்டுதான் எல்லோரும்
எனக்கு நெற்றி காட்டுகிறார்கள்.

தீர்த்தத் தொட்டி காய்ந்துவிட்டது. அதற்குள்
சங்கிலித்தாம் கஸ்பார்
சனிற்றைசர் போத்தலை வைத்திருக்கிறான்.
பழக்கதோசத்தில் அதைத் தொட்டுச்
சிலுவை போட்டவர்கள்
கண் எரிய நிற்கிறார்கள்.
அழுகிறார்கள் என்று நினைத்து
நானும் முதல் நாள் சும்மா இருந்துவிட்டேன்.

ஐம்பது பேர்தான். அதற்கு மேல் ஒருவரும் இல்லை.

மூன்றாம் தூணோரம் முழங்காலிடும் பெண்ணின்
முதுகைப் பதினொரு வருசம் தெரியும் எனக்கு.
கொப்பியில்தான் பெயர் கிடைத்தது: கமலேஸ்வரி.
நெற்றிப் பொட்டில் துவக்குப் படாமல்
சற்றுத் தலையைச் சரித்து
"என்னையும் எழுதலாம்தானே, தங்கச்சி?" என்றாள்.
மதம் கேட்கவும் கட்டம் இல்லை.
எழுதினேன். முப்பத்தாறு தசம் நான்கு.

முதல் வாங்கு லெத்தீசியா கொறெயா
"நான் ஆரெண்டு தெரியாதோ உனக்கு?" என்றாள்.
தெரியும். என்றாலும் இலக்கம் சொல்லுங்கோ.
முதலிரண்டு எண்ணில் பிறந்த வருசம் இருக்கிறதே,
ஒரு மீற்றர் சட்டத்தை உடைத்து
என் காதுக்குள் வந்து சொன்னாள்.

ஐம்பத்தோராவது ஆளாய்
ஒவ்வொரு ஞாயிறும் பெனடிற்.
சைக்கிள், மீன் பெட்டி, உருகும் ஐஸ்.
உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நிற்பதற்காகப்
பிரசங்கத்தில் வருசக்கணக்காய்த் திட்டு வாங்கியவன்.
"இடமில்லை" என்றேன்.
"நான் எப்பவும் வெளியிலதானே அக்கா" என்று
பூசை முடியும்வரை கம்பிக்கு அப்பால் நின்று
மீன் விலையும் மகளின் சோதனையும்
என்னோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

பேலியகொடை மீன்சந்தையைப் பூட்டிய கிழமை
அவனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
கொப்பியைக் கேட்டு வந்தார் பீ.எச்.ஐ. ஐயா.
விரலால் தடவித் தடவித் தேடினார்.
பதினேழு ஞாயிறு. ஒன்றிலும் அவன் இல்லை.
ஐம்பது வீடு தப்பியது.
"கிட்ட நின்று கதைச்சது ஆர்?" என்றார்.
அப்போதுதான் பார்க்கிறேன்,
என் பெயரையும் நான் எழுதியிருக்கவில்லை.

பதினான்கு நாள். வாசலில் ஸ்டிக்கர்.
கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப்
பூசை பார்த்தேன்.
வெறும் வாங்குகளுக்குச் சுவாமி
"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார்.
நெற்வேர்க் சுற்றிக்கொண்டே இருந்தது.
பதிலை நான் சுவருக்குச் சொன்னேன்.

மார்கழியில் லெத்தீசியா போனாள்.
மாதம்பிட்டியில் புருசனுக்குப் பக்கத்தில்
வாங்கி வைத்த ஆறடியில்
புல்தான் நிற்கிறது.
எரித்துவிட்டார்கள் என்று தொலைபேசி வந்தது;
மரித்தோர் செபத்தைச் சுவாமி
அந்தத் தொலைபேசிக்கே சொல்லி முடித்தார்.
வயது என்ன என்று பலர் கேட்டார்கள்.
முதலிரண்டு எண் எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன்.

திரும்பத் திறந்தபோது புதுக் கொப்பி.
முதல் வரியில் என் பெயர்,
முப்பத்தாறு தசம் ஏழு.
பெனடிற் வந்தான். பாதி உடம்பாய்.
உள்ளே வா, இன்றைக்கு இடமிருக்கிறது என்றேன்.
சைக்கிளை மரத்தில் சாய்த்தவன்
அங்கேயே நின்றுகொண்டான்.
மணம் இன்னும் திரும்பவில்லையாம்,
மீனைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறானாம்.
மணி அடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"சாம்பிராணி போட்டிட்டாங்களா அக்கா?"
மாஸ்க்குக்குள் எனக்கும் தெரியவில்லை.
ஓம் என்றேன்.